வசந்தியின் காரும் என் சம்மட்டியும்

சுரங்கத்தில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. சின்ன மெஷின் எதைப் பார்த்தாலும் இளக்காரம். நான் இருப்பது மைன்ஸ் மெயின்டனன்ஸில். மண்ணை வெட்டுகிற எங்கள் ராட்சத மெஷின் எழுந்து நின்றால், டவுன்ஷிப் வீடுகளெல்லாம் அதன் காலடியில் தீப்பெட்டி. அதன் பல்லைப் பிடித்துப் பார்த்தவன் நான். (பிடித்துப் பார்த்தவன் என்றால் கிட்டே நின்று பார்த்தவன். கழற்றியது வேறு ஆட்கள்.) அப்பேர்ப்பட்டவன் ஒரு காரின் பிரேக்கைக் கழற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கௌரவம் என்ன ஆவது?

கார் என்னுடையது அல்ல, என் மனைவி வசந்தியுடையது. நாற்பது வயதுக்கு மேல் பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொண்டு, காய்கறி வாங்க வடலூருக்கு அவளே ஓட்டிப் போவாள். நான் இடதுபக்கம் உட்கார்ந்து, தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தாலே “பிரேக்க மிதி, பிரேக்க மிதி” என்று கத்துவேன். என் பக்கம் இல்லாத பிரேக்கை நான் மிதித்த மிதியில் கால்மிதி விரிப்பு தேய்ந்தே போனது.

“பிரேக்க நான் மிதிச்சிக்கிறேன். நீங்க வாய மூடிகினு வாங்க” என்பாள்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று தானே நடந்து ஆம்புலன்ஸில் ஏறினவள், திரும்பி வந்த விதம் வேறு. எதையும் ஜோக் அடிக்கிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். அந்த நாளைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபின் ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் சீட் அவள் உயரத்துக்கு ஏற்ப முன்னால் தள்ளி, ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தது. என் தொப்பைக்கு அதில் இடம் இல்லை. உட்கார வேண்டுமானால் சீட்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ள மனசு வரவில்லை. வெளியே நின்றபடியே குனிந்து, ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தேன். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல், பின்னால் ஒரு கல். சுரங்கத்தில் வண்டியை அப்படித்தான் நிறுத்த வேண்டும். ஷெட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற சின்னச் சரிவு அன்றைக்கு எனக்கு மைன்ஸ் பள்ளம் மாதிரி தெரிந்தது. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

வருஷத் திதிக்குச் சென்னையிலிருந்து மகள் கயல் வந்தாள். அம்மா இருக்கும்போது கற்றுக்கொள்ளாமல் விட்டவள், இப்போது லைசென்ஸோடு வந்திருந்தாள்.

“திதி குடுக்கக் கடலூர் பீச்சுக்கு அம்மா கார்லதான்ப்பா போகணும். நான்தான் ஓட்டுவேன்.”

“அவ்ளோதானே” என்றேன். ஒரு வருஷமாக அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

திதிக்கு முந்தைய நாள் காலையில் புது பேட்டரி மாட்டினேன். வெளியே நின்றபடியே சாவியைத் திருப்பினேன், இன்ஜின் உறுமியது. கற்களை நகர்த்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கித் தள்ளினேன், வண்டி நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பின்சக்கரத்து டிரம்முக்குள் இரண்டு பிரேக் ஷூ விரிந்து பிடித்துக்கொள்ளும். விடுவித்தால் சுருங்க வேண்டும். ஒழுகுகிற ஷெட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றதில் துரு ஏறி, ஷூவும் டிரம்மும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாகியிருந்தன.

கற்களைத் திரும்ப வைத்து, ஜாக்கி போட்டுப் பின்சக்கரங்களைக் கழற்றினேன். இடதுபக்க டிரம் கொஞ்சம் டீசலுக்கும் கொஞ்சம் தட்டலுக்கும் மயங்கி வந்துவிட்டது. அத்தோடு என் தலைக்கனம் ஷெட்டுக் கூரையைத் தொட்டது. வலதுபக்கம் அசையவில்லை. அந்த டிரம்மில் இரண்டு ஓட்டை உண்டு. இரண்டிலும் போல்ட் போட்டு மாற்றி மாற்றி, பொறுமையாகத் திருகினால் டிரம் தானே வெளியே வரும். நான் ஒரே ஒரு போல்ட்டைப் போட்டு, ஸ்பேனரின் வாலில் ஆள் உயரக் குழாயைச் சொருகித் தொங்கினேன். மைன்ஸில் அப்படித்தானே! ‘டொக்’ என்றது. போல்ட் பாதி உள்ளே, பாதி என் நெற்றியில்.

அடுத்து, பின்னாலிருந்து மடக்கிப் பிடிக்கலாம் என்று பிரேக் ஆயில் போகிற குழாயின் நட்டைத் திருகினேன். நட்டும் குழாயும் இறுகிக் கிடந்ததால் குழாய் முறுக்கு மாதிரி முறுக்கிக்கொண்டு அறுந்தது. ஆயில் முழுக்கத் தரையில் ஓடியது. அதாவது ஹேண்ட் பிரேக்கால் ஒட்டிக்கொண்ட வண்டிக்கு, இப்போது காலால் மிதிக்கிற பிரேக்கும் கிடையாது. (இதற்குப் பெயர் ரிப்பேர்.)

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. சம்மட்டியை எடுத்தேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு துரைராஜ் சார் வந்தார். தெர்மல் மின் நிலையத்தில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

“சம்மட்டிய கீழ வைங்க சார். கார உடைக்கியளா, கழட்டுதியளா?”

வடக்குத்துவில் இருந்து என்னோடு வேலை பார்க்கிற கலியமூர்த்தியும் வந்து சேர்ந்தான். “அடிச்சிகினே இருந்தா எப்டிண்ணே வரும்? வீல மாட்டு. நாலு பேரு சேந்து தள்ளுனா ஷூ தானா புட்டுக்கும்.”

“புட்டுக்கிட்டா அப்புறம் நிப்பாட்டுறது யாருய்யா?” என்றார் துரைராஜ்.

“மொதல்ல வண்டி போவட்டும் சார். நிக்கிறத அப்பறம் பாத்துக்கலாம்.”

இரண்டில் எது புத்திசாலித்தனம் என்று உங்களுக்குத் தெரிகிறது. நான் கலியமூர்த்தி பக்கம் சாய்ந்தேன். கழற்றிய டிரம்மையும் சக்கரங்களையும் மாட்டி, கற்களை எடுத்து, கியரை நியூட்ரலில் போட்டாயிற்று. அதையும் வெளியே நின்று குனிந்தபடியேதான் செய்தேன்.

“யாராவது உள்ள உக்காரணும்லப்பா? ஸ்டியரிங்க யாரு புடிக்கிறது?” என்றாள் கயல்.

“வேணாம். வெயிட் ஏறும்.”

“நீ உக்காரு.”

“எனக்குத்தான் வெயிட் ஜாஸ்தி.”

“அப்ப நான் உக்கார்றேன்.”

“பிரேக் இல்லாத வண்டில நீ உக்காரக் கூடாது. வேணாம்னா வேணாம்.”

அவள் அந்த சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

முன்பக்கம் நின்று எல்லோரும் தள்ளினோம். முதல் தள்ளலில் முனகல். அடுத்த தள்ளலில் ‘படார்’ என்று ஒரு சத்தம். ஷூ விட்டுவிட்டது. கலியமூர்த்தி கையைத் தட்டினான். கார் எங்கள் கையை விட்டுப் பின்பக்கமாகச் சரிவில் இறங்கியது. முதலில் மெதுவாகத்தான் போனது, புதுப்பெண் வாசல்படி இறங்குகிற மாதிரி. பிறகு வேகம் எடுத்து, ரோட்டைக் கடந்து, துரைராஜ் வீட்டை நோக்கி உருண்டது.

நான் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பிளாக் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

“வசந்தி! பிரேக்க மிதி! வசந்தி! பிரேக்க மிதி!”

கார் துரைராஜின் செம்பருத்தி வேலியைப் பிளந்துகொண்டு போய், உள்ளே இருந்த வாழைக் கன்றுகளின்மேல் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. நான் மூச்சிரைக்கப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

திரும்பினால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கிறது. கலியமூர்த்தி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலி போன துரைராஜ் சார் என்னைத் திட்டியிருக்க வேண்டும். வந்து என் தோளில் கை போட்டு, “வாழதானே சார், திரும்ப வந்துரும்” என்றார். பிறகு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி முகம் மாறி, “காப்பி குடிப்போம், வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனார்.

கயல் ஷெட்டு வாசலிலேயே நின்றாள்.

திதிக்குப் பஸ்ஸில்தான் போனோம். மகள் கேட்ட ஒரே விஷயத்தைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கியவன், படையல் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வடலூர் தாண்டியதும் ‘மன்னிச்சிடும்மா’ என்று சொல்ல வாய் எடுத்தேன். முந்தைய நாள் கத்தியதில் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

குள்ளஞ்சாவடியில் ஒரு ஆட்டோக்காரர் குறுக்கே புகுந்தார். பஸ் டிரைவர் ஓங்கி பிரேக் அடித்தார். என் வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. கயல் என் காலைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

“கால எடுப்பா. அம்மா மிதிச்சிட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. குரல் இல்லாதவன் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்களுக்கே தெரியவில்லை. கண்டக்டர் வந்து, “என்னங்க ஆச்சி? ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டார். கயல் தலையாட்டினாள். கடற்கரையில் ஐயர், இறந்தவர் பெயரைக் கேட்டபோதும் என் தொண்டை திறக்கவில்லை. அவள்தான் சொன்னாள், என்னைவிடத் தெளிவாக.

காரை அப்புறம் மெக்கானிக் சரி செய்து கொடுத்தார். வேலியை நானே கட்டிக் கொடுத்தேன். ஆனால் கயல் சொன்ன அந்தப் பேச்சு பஸ்ஸோடு நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த ஆபத்து வந்து நூலிழையில் தப்பினாலும் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள். என் மச்சான் மாடிப்படியில் வழுக்கிக் கம்பியைப் பிடித்தபோது சொன்னான். கயலின் ஆபீசில் ஆட்களைக் குறைத்து, அதில் அவள் தப்பித்தபோது அவளே சொன்னாள்.

போன மாதம் எனக்கு நெஞ்சு வலி. பயந்துபோய் ஆஸ்பத்திரியில் படுத்து, உடம்பில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்து, கடைசியில் வெறும் வாயு என்று அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்று கயலுக்கு போன் செய்தேன்.

“ஒண்ணுமில்லம்மா. அம்மா மிதிச்சிட்டா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சரி, நீ மொதல்ல அந்தப் பரோட்டாவ நிறுத்து” என்றாள். “அவங்களும் எத்தன தடவதான்ப்பா மிதிப்பாங்க?”