விசிலுக்கு ஓடாத பிள்ளைகள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்று வளர்த்தது ஐந்து. ஐந்தும் நன்றாக இருக்கின்றன. அதனால் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. (ஒரே ஒரு நாளைத் தள்ளிவிட வேண்டும். அந்த நாளைத்தான் சொல்லப்போகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.)

எண்பதாம் வருஷ வாக்கில் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கே விசைத்தறிதான் பிழைப்பு. கடைக்குட்டி செல்விக்கு ஏழு வயது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் என்று வந்து சொன்னாள். பிள்ளைகள் சிரித்து ஓடி விளையாடட்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் முந்தின வருஷம் என் நாத்தனார் மகள் ஜெயித்து ஒரு சோப்பு டப்பா வாங்கியிருந்தாள். நாத்தனார் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதில் சோப்பு இருந்து நான் பார்த்ததில்லை.

உடனே நான் பயிற்சி கொடுக்க இறங்கிவிட்டேன். நான் அதுவரை ஓடியது பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான். (அதிலும் பாதி நாள் பஸ் போய்விடும்.) செல்வியோடு தெருப் பெண்பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டேன். நாலில் ஒன்றாவது தேறாதா?

தறிச் சத்தத்தில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று கத்தினால் எனக்கே கேட்காது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் கைதான் வாய். சாப்பிட்டாச்சா என்பதற்கு ஒரு கை, மாமியார் வருகிறாள் என்பதற்கு ஒரு கை. அதனால் நான் கையைத் தூக்கிக் கீழே போட்டால் ஓட வேண்டும் என்று பழக்கினேன். பதினைந்து நாளில் நாலு பேரின் கண்ணும் என் கையைவிட்டு நகராது.

பந்தயத்துக்கு முந்தின நாள் வரிசையாக நிறுத்திச் சொன்னேன்: "மக்கா, தோத்துட்டு வந்தா ஒருத்தியும் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

நாலும் தலையை ஆட்டின. ஏழு வயசுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உங்களுக்குப் பந்தயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன்.

மறுநாள் மைதானத்தில் பக்கத்தில் நாத்தனார். பிள்ளைகள் கோட்டில் நின்றன. அதோ பார் என் பிள்ளைகள் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு இறக்கினேன். நாலும் பறந்தன. வாத்தியார் திருப்பிக் கூப்பிட்டார். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் கையை இறக்கினேன். மறுபடியும் பறந்தன. இன்னொரு தடவை முந்தி ஓடினால் நாலு பேரும் வெளியே என்றார் வாத்தியார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

வாத்தியார் விசில் ஊதினார். ஊரார் பிள்ளைகள் ஓடின. என் பிள்ளைகள் நாலும் அசையாமல் நின்று என்னையே பார்த்தன. ஓடுங்கட்டி என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரலுக்கு ஓட நான் எப்போது சொல்லிக்கொடுத்தேன்? சேலையில் சிக்கிய கையை ஒரு வழியாக உருவி எடுப்பதற்குள் நாத்தனார் மகள் கயிற்றைத் தொட்டுவிட்டாள். எடுத்த கை தானாகக் கீழே விழுந்தது. உடனே நாலும் உயிரைக் கொடுத்து ஓடின, பரிசு வாங்க நின்ற பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு.

நாத்தனார் முகத்தில் விழிக்கக் கூடாதென்று ரத வீதி நாலையும் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினேன். தெருமுனையில் பார்த்தால், நாலு பிள்ளைகளும் அவரவர் வீட்டுக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்திருக்கின்றன. மூன்று தாய்மார் சோற்றுத் தட்டோடு கெஞ்சுகிறார்கள்.

"ஏங்க்கா, எம்பிள்ள என் வீட்டுக்குள்ள வாரதுக்கு ஒங்ககிட்ட சீட்டு வாங்கணுமோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் நேரே செல்வியிடம் போனேன். தெருப் புழுதியில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மா, இனிமே நான் அத்தை வீட்லதான் இருக்கணுமா?"

தோற்றது யார் என்று அப்போது தெரிந்தது. அவளைத் தூக்கி உள்ளே விட்டேன். மற்ற மூன்று பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவரவர் வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் எதில் தோற்றாலும் வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். செல்விக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போன மாதம் ஸ்கூட்டர் லைசென்ஸில் பெயிலாகி வந்து நின்று அவளும் கேட்டாள். காப்பி ஆறுது, வந்து தொலை என்றேன்.

ஏட்டி, எழுதினது போதும். முதல்ல இருந்து வாசி. நான் அழுதேன்னு எங்கயாவது சேத்திருந்தா, அதை அடிச்சிரு.