ஜிவ்காவுக்கு மூன்று வேளை ஏக்கம்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் மீசை உதிர்ந்து மரித்சா ஆற்றோடு போகட்டும்!

என் மனைவி ஜிவ்கா புர்காஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். குடைமிளகாய் சுட்டுத் தொக்குக் கிளறும் பருவம். வாசலில் நின்று சொன்னாள்:

"நாப்பது வருஷமா கூப்பிட்டா 'இதோ'ங்கற. அந்த இதோ வந்து சேர்றதுக்குள்ள சூப்பு ஆறிடுது. ஒரு வாரம், தினமும் மூணு வேளை எனக்கு ரெண்டு வார்த்தை எழுது. தவறாம வந்தா ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."

முதல் நாள் காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு காப்பி ஊற்றிவிட்டேன். இரண்டாவது குடிக்க ஆளில்லாமல் ஆறியது. ஏக்கம் அசல். தினமும் அனுப்பத்தான் சோம்பல். நானோ ஊருக்கே ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினிமொழி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இருபத்தொரு செய்திகளை ஒரே மூச்சில் அழுதுகொண்டே எழுதி, ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு டைமர் வைத்தேன். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து.

ஆறு நாள் நொடி பிசகவில்லை. தொலைபேசியில் ஜிவ்காவின் குரல் பாகாய் உருகியது.

ஏழாம் நாள் சனி. பக்கத்து வீட்டு ப்லாமென் தவ்லா என்னும் பகடையாட்டத்தில் என்னைப் பத்தொன்பது முறை தோற்கடித்தவன். அவனை வீழ்த்த, காலை ஏழு மணிக்கு கணினியில் டைமர்கள் ஓடிய அதே உலாவிப் பக்கத்திலேயே பத்துக் கோடி ஆட்டங்களைக் கணக்குப் போட விட்டேன்.

"உன் செய்தியெல்லாம் போயிடுமாய்யா?" என்றான் ப்லாமென், பகடையை உருட்டியபடி.

"மணி அடிச்சா போகும். நீ ஆடு."

அடித்தது. போகவில்லை. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரே ஒரு கை. டைமர் மணி அடித்தாலும் அதன் வேலை வரிசையில் போய்த்தான் நிற்கும். கையிலிருப்பது முடிந்தால்தான் முறை. கணக்கு ஐந்தரைக்கு முடிந்தது. மூன்று செய்தியும் ஒன்றாய்ப் பாய்ந்தன. தொலைபேசி அலறியது.

"ஏன் மனுஷா, காலை வணக்கமும் சாயங்காலக் கண்ணீரும் ஒரே நொடியில வருது?"

"அன்பு பொங்கிடுச்சு, ஜிவ்கா."

"பொங்கல. வரிசையில நின்னிருக்கு. இருபது வருஷம் சோத்தோட சேர்த்து இதைத்தானே எனக்கு ஊட்டின? நடுவுல என்னத்த ஓடவிட்ட?"

பகடையைப் பெட்டிக்குள் ஒளிக்கப் போனேன்; அது கடகடத்துக் காட்டிக்கொடுத்தது.

"தவ்லாவா?"

"தவ்லாதான்."

"அப்போ ஏங்கினது?"

"அது சத்தியமா நான். தினமும் ரெண்டு காப்பி ஊத்தறேன்."

மறுமுனையில் கரண்டி கிளறும் சத்தம் கேட்டது.

"சரி, வர்றேன்."

"எப்போ?"

"இதோ."

"இதோன்னா?"

"கையில நூறு கிலோ மிளகா இருக்கு. அது முடியட்டும்."

அவள் 'இதோ' சொல்லி இன்றோடு ஒன்பது நாள். இரண்டாவது காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. இதை யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். என் மாணவர்களில் பாதிப்பேர் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.