தோட்டத்துக் கொசுவா, முகாம் கொசுவா

மெர்போக், ஏழாம் லயம்
14 ஆகஸ்ட் 1945

பெண்டாங்கில் வயலும் வரப்புமாக வாழும் என் மரியாதைக்குரிய மச்சான் பரஞ்சோதி அவர்களுக்கு, இருளப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை பாப்பம்மாவும் நலம். அங்கு அக்கா சண்முகவள்ளியும் பிள்ளைகளும் எருமைகளும் நலமாக இருக்க மாரியாத்தா துணை இருப்பாள். அவள் இந்த வாரம் எனக்குத் துணை இருந்த விதத்தைச் சொல்லத்தான் இக்கடிதம்.

ஜப்பான்காரன் துணையோடு இந்தியாவை விடுவிக்கும் படையில் சேர்ந்து, ஒரு தோட்டாகூடச் சுடாமல், சதுப்புக்காட்டு முகாமில் கொசுவிடம் தோற்று, ஏழு மாதம் முன்பு நான் லீவில் வந்தது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், பகல் இரண்டு மணிக்குக் குளிர்காய்ச்சல். இது படையில் வந்த நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மாதம் பத்துக் காட்டி எடை அரிசி, படையிலிருந்தும் விடுதலை. எழுதாவிட்டால் மறுபடி முகாம். இன்னொரு தடவை அங்கே போனால் திரும்பி வருவேன் என்ற நம்பிக்கை எனக்கில்லை மச்சான், பாப்பம்மாவுக்கும் இல்லை.

சுங்கை பட்டாணிப் படை ஆபீசில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் டாக்டர் வருவார். முதல் வெள்ளி காய்ச்சல் இல்லாத நாளாகப் போய்விட்டது. அங்கே கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம், "உன்னக் கடிச்சது தோட்டத்துக் கொசுவா, முகாம் கொசுவா?" என்று கேட்டார். "பேரு சொல்லிட்டா கடிச்சுது?" என்றேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்லா இருக்க. அடுத்த வெள்ளி காய்ச்சலோட வா. இல்லன்னா முகாமுக்குப் போ" என்றார்.

திரும்பி வந்ததும் தோட்டத்துக் கோயிலில் வேண்டிக்கொண்டேன்: ஆத்தா, வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அந்த அறையில் காய்ச்சல் வரட்டும், மொட்டை போடுகிறேன் என்று. அதே கோயிலில், எனக்குச் சொல்லாமல், உங்கள் தங்கை வேண்டியிருக்கிறாள்: ஆத்தா, என் புருஷன் காய்ச்சல் இந்த வாரத்தோடு போகட்டும், தீச்சட்டி எடுக்கிறேன் என்று. புதன்கிழமை காய்ச்சல் வரவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள் கற்பூரம் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மைல் நடந்துபோய் டாக்டர் முன் நின்றேன். இரண்டு மணி அடித்தது. உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. நானாக நடுங்கிப் பார்த்தேன், சுப்பிரமணியம் சிரித்தார். டாக்டர் பேனாவை எடுத்து எழுதப் போனார். பேனா ஆடியது. பல் தந்தியடித்தது. காய்ச்சல் வந்துவிட்டது மச்சான், ஆனால் அவருக்கு.

பழக்க தோஷம், என் தோளில் கிடந்த சாக்கை எடுத்து அவருக்குப் போர்த்தினேன். "இப்பக் குளுரும் ஐயா. ஒரு மணி நேரத்துல கொதிக்கும். அப்புறம் வேர்த்து ஊத்தி வுட்டுரும். எந்திரிக்காதீங்க, கண்ணு இருட்டும்" என்றேன். "யாரு சொன்னா உனக்கு?" என்றார். "ஏழு மாசமா நானே அனுபவிக்கிறேன் ஐயா. சதுப்புக்காட்டு முகாம், மூணாவது கொட்டாய்."

சாக்குக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "நான் அஞ்சாவது கொட்டாய்" என்றார். நடுங்கும் கையாலேயே, படையில் வந்த நோய், இனிப் படைக்கு உதவான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரும் வழியில் ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உதவான் என்று ஒருவர் எழுதியதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

இருவர் கேட்டதையும் ஆத்தா கொடுத்துவிட்டதால் எனக்கு மொட்டையும் அவளுக்குத் தீச்சட்டியும் பாக்கி. ஆவணியில் குடும்பத்தோடு வாருங்கள். முகாம் கொசுதான் என்று எழுதிய காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன். பிள்ளைகளுக்கு ஆசி, அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் அன்பு மச்சான்,
படைக்கு உதவாத இருளப்பன்

பின்குறிப்பு: கடிதம் கொண்டுவர வேண்டிய ராமையாவின் சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல் இது பத்து நாள் கூரையில் செருகிக் கிடந்தது. அதற்குள் ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான். ஆபீசைப் பூட்டிவிட்டார்கள், அரிசி ஒரு மணியும் வரவில்லை. போகட்டும், இனி யாரும் என்னை எங்கும் கூப்பிட முடியாது. பாப்பம்மா இரண்டு நாளாகத் தூங்குகிறாள், நிம்மதியாக. ஆனால் வெள்ளைக்காரன் திரும்பி வருகிறானாம், படையில் இருந்தவர்களைத் தேடுவானாம். வேறு காகிதம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போடுங்கள். சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததை நான் போட்டாயிற்று. யார் கேட்டாலும் உங்கள் மச்சான் இந்தத் தோட்டத்தை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. என்னைக் கடித்தது தோட்டத்துக் கொசுதான்.