சக்கரம் வைத்த வீடும் அதைத் தாங்காத வண்டியும்

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் இசக்கிராஜா அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் பிச்சை கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், கற்பகம், மகள் மகா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். வள்ளியூரில் நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் மேல் எனக்குள்ள கோபம் வேறு, அது கீழே வருகிறது.

கையில் போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை காலையில் உங்களுக்கென்று நாலு நிமிஷம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதில் உங்களை என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே திரும்ப எழுத மாட்டேன். ஏனென்றால் அது உங்களுக்கு வரவில்லை. எங்கள் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களின் குரூப்புக்குப் போய்விட்டது. நாற்பத்தொரு பேர். அழிக்கத் தெரியாமல் நான் எதையோ அமுக்க, அது இன்னொரு தடவையும் போனது. மத்தியானம் நான் தராசுப் பக்கம் போய் நின்றால், அப்பு சேட்டன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என் தோளில் கைபோட்டு, "பிச்சையண்ணா, அளியன் செய்தது சரியாயில்லா" என்கிறார். அளியன் என்றால் இங்கே மச்சான். அதோடு விட்டாரா? "ஒரு சம்சயம் சோதிச்சோட்டே? வீட்டுக்கு டயர் உண்டெங்கில் பஞ்சராவில்லே?" வீட்டுக்கு டயர் இருந்தால் பஞ்சர் ஆகாதா என்பது அவருடைய சந்தேகம். நாற்பது பேரும் அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் காகிதம். கவரின் மேல் உங்கள் பெயரை எழுதினால் அது உங்களுக்குத்தான் வரும், வேறு யாருக்கும் போகாது.

போன மாதம் நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "பையன் பேரு அபிராம், மாப்ள. பணகுடிக்காரன். அமெரிக்காவுல டெக்சாஸ்ல கரண்டு எடுக்குற காத்தாடி மெஷின் வேலை. சொந்த வீடு. பெட்ரூம், ஹால், கிச்சன், ரெண்டு ஏசி, எல்லாம் இருக்கு" என்றீர்கள். நான் உங்களிடம் கேட்டது இங்கே வைட்டிலாவில் பஸ் ஏறினால் மறுநாள் காலைக்குள் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு மாப்பிள்ளை. நீங்கள் கொண்டுவந்தது டெக்சாஸ். சரி, மகாவுக்கு இருபத்தொன்பது ஆகிறது, இதுவரை வந்த ஏழு பேரில் ஒருவனிடமும் அவள் இரண்டாவது தடவை பேசியதில்லை, இவனிடம் மூன்று தடவை பேசிவிட்டாள், அதனால் நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் எல்லாம் இருக்கிறது என்று சொன்னீர்களே, சக்கரமும் இருக்கிறது என்பதை மட்டும் ஏன் விட்டீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு வீடியோவில் உட்கார்ந்தோம். திரையில் ஒரு கட்டத்தில் நாங்கள், ஒரு கட்டத்தில் பணகுடியில் பையனுடைய அப்பா அம்மா, இன்னொன்றில் பையன். அவனுக்கு அப்போது காலை ஒன்பது மணி. பள்ளுருத்தி ஜோசியர், பையனுடைய வீட்டு வாசல் எந்தத் திசை என்று கேட்டுவரச் சொல்லியிருந்தார். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, வாசல் எந்தப் பக்கம் பாத்தது?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப வடக்கு மாமா. போன மாசம் மேக்க பாத்து நின்னுச்சு" என்றான். எனக்குக் காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்டேன். அவன் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கிக் காட்டினான். வீட்டுக்கு அடியில் நாலு டயர். மச்சான், நான் மகளைக் கட்டிக்கொடுக்கிறேனா, பார்சல் சர்வீசில் போடுகிறேனா?

பையன் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், அவன் ஒளிக்காமல் சொன்னான். நாலு மாதத்துக்கு ஒரு ஊரில் காத்தாடி வேலை, வாடகைக்கு வீடு கிடைக்காத காட்டுப் பக்கம், அதனால் வீட்டையே கூட்டிக்கொண்டு போகிறான். அந்த வீட்டை வண்டியின் வாலில் கட்டி இழுப்பதில்லையாம். வீட்டுக்கு முன்னால் ஒரு கழுத்து நீண்டிருக்கிறது, அதைப் பிக்கப் வண்டியின் முதுகில், நடுவில், உட்காரவைத்துப் பூட்டுகிறார்கள். நம் ஊரில் பிக்கப் என்றால் மீன் பெட்டியும் வாழைக்குலையும் ஏற்றுகிற வண்டி, அங்கே அதன்மேல் ஹாலும் கிச்சனும் ஏறுகிறது. பழைய வண்டி கியர் பெட்டி போய் நின்றுவிட்டதால் வரும் சனிக்கிழமை புது வண்டி எடுக்கப்போவதாகச் சொல்லி, அதன் படத்தையும் காட்டினான். கறுப்பு நிறம். உள்ளே தோல் சீட், சீட்டுக்குள்ளிருந்து குளிர் காற்று வருமாம், மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவன் முகத்தில் வந்த வெளிச்சம் மகாவைப் பார்த்தபோது கூட வரவில்லை. "ஏழு டன் இழுக்கும் மாமா" என்றான். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். அங்கேயே பேச்சை முடித்துக் காப்பி குடிக்கப் போயிருக்கலாம்.

உங்கள் மருமகள் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் ட்ரெய்லர் அனுப்புகிற ஆபீசில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பணகுடிக்காரர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொன்னதும் நீங்கள்தான். வண்டியின் முதுகில் கழுத்தை வைத்துப் பூட்டுவது அவளுக்குத் தினப்படிச் சோறு. அதுவரை சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வீடு எத்தன டன்?"

"அஞ்சரை."

"காலியாவா, சாமான் ஏத்தியா?"

"கம்பெனி புக்குல அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப காலி."

மச்சான், எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் முப்பத்தொரு வருஷமாகச் சாக்கைக் கழித்து அரிசியை எழுதுகிறவன் நான். இந்தப் பையன் அரிசியைக் கழித்துவிட்டுச் சாக்கை எழுதிவைத்திருக்கிறான். எனக்கே உடம்பு கூசியது. மகா தண்ணீர்த் தொட்டி எவ்வளவு, கேஸ் எத்தனை, கட்டில் என்ன மரம் என்று வரிசையாகக் கேட்டாள். நடுவில் உங்கள் தங்கை, "கிரைண்டரையும் போட்டுக்கோடி, அது பதினெட்டு கிலோ இருக்கும்" என்று எடுத்துக்கொடுக்கிறாள். எல்லாம் சேர்த்து ஆறு டன்னும் நானூறு கிலோவும் வந்தது.

"இதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல உங்க வண்டி முதுகுல உக்காரும். ஆயிரத்து நானூறுன்னு வச்சுக்கோங்க. வண்டி இழுக்கறது வேற, சொமக்கறது வேற. டிரைவர் கதவைத் திறந்தா தூணுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல எத்தன இருக்கு?"

பையன் எங்கேயோ தேடி, கடைக்காரன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "தொள்ளாயிரத்து அம்பது" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"அந்தக் கண்ணாடிக் கூரையும் தோல் சீட்டும் இல்லாம இருந்தா இன்னும் கொஞ்சம் கூட இருந்திருக்கும். செரி, தொள்ளாயிரத்து அம்பதுல, பூட்டற இரும்பு தொண்ணூறு. நீங்க எண்பது. நான் அம்பத்தஞ்சு. மிச்சம் எழுநூத்தி இருபத்தஞ்சு. வந்து உக்கார்றது ஆயிரத்து நானூறு. பின்னால நாலு டயர் உள்ள பெரிய வண்டி எடுக்கணும். இது வேண்டாம்."

கற்பகம் என் தொடையில் கிள்ளினாள். நான் கணக்கு சரிதானே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "கேட்டீங்களா? தன்னையும் சேத்துட்டா" என்றாள் காதோடு. நான் கேட்கவில்லை. சம்மதம் இருந்தால் பெண் காலால் கோலம் போடுவாள், உள்ளே ஓடிப்போவாள் என்றுதான் எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து கிலோவைக் கழித்துக் காட்டுவாள் என்று யார் கண்டது?

பையன் அந்த ஸ்டிக்கர் படத்தையே பெரிதாக்கிக்கொண்டிருந்தான். பேசியது அவன் அப்பா. "என்னவே பிச்சை அண்ணாச்சி, நாங்க பொண்ணு பாக்க வந்தோமா, ஆர்டிஓ ஆபீசுக்கு வந்தோமா? எம்பயல் எட்டு வருசமா அங்க வண்டி ஓட்டுதான். அவனுக்கு ஒரு வண்டி பாத்து எடுக்கத் தெரியாதுன்னு உம்ம மவ சொல்லுதாளோ?" என்றார். மகா, "வண்டி எடுக்கத் தெரியும் மாமா, எடை பாக்கத்தான்..." என்று ஆரம்பித்தாள். நான் இருமினேன். பணகுடிக் கட்டம் அணைந்தது. பிறகு டெக்சாஸ் கட்டமும்.

அதற்கப்புறம் நீங்கள் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போன் பண்ணி, "மகா ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும் மாப்ள. நீங்க பாத்த வண்டியே போதும்னு. பணகுடிக்காரரை நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்றீர்கள். நானும் மானம் கெட்டுப்போய் அன்று ராச்சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் கேட்டேன். கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மகா, ஒரு வார்த்தைதானே."

"எது? போதும்னா?"

"ஆமா."

"போதாதுப்பா."

"போதாதுன்னு எனக்கும் தெரியும். போதும்னு சொல்லத்தானே சொல்லுதேன்."

"நீங்க தராசுல தொண்ணூறைப் பாத்துட்டு நூறுன்னு எழுதுவீங்களா?"

எழுதச் சொன்ன முதலாளிகள் உண்டு மச்சான். நான் எழுதியதில்லை. அதனால்தான் முப்பத்தொரு வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கற்பகம் சொல்வாள்.

"இறக்கத்துல அந்த வீடு பின்னால இருந்து தள்ளும்ப்பா. முன் சக்கரம் தரையில நிக்காது, வளைச்சா வளையாது. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அப்ப யாரு யாருகிட்ட போதும்னு சொல்றது?" என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுக்க ஆரம்பித்தாள். ஒரே முள்ளை ரொம்ப நேரம் எடுத்தாள். அதற்குப் பிறகு போன் வந்தால் முதல் மணியிலேயே எடுக்கிறாள், ஆபீஸ் போன் என்று தெரிந்ததும் முகம் சப்பென்று போகிறது. மூன்று நாளாக இதுதான் நடக்கிறது. அந்தப் பையன் பேசவில்லை.

ஆகவே மச்சான், நான் தீர்மானமாக எழுதுகிறேன். என் மகள் சொன்ன கணக்கில் தப்பில்லை. தப்பில்லாத கணக்குக்கு மன்னிப்புக் கேட்க அவளை நான் விட மாட்டேன். கண்ணாடிக் கூரைக்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம், அவன் வீடு வடக்கு பார்த்தாலும் சரி, வானத்தைப் பார்த்தாலும் சரி. பணகுடியில் போய், பிச்சை இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். அப்படியே ஜாதகத்தையும் திருப்பி வாங்கிவிடுங்கள். இனிமேல் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக இருந்தால், முதலில் அவன் வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் கும்பிடு. உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாக வேண்டும். முழுக்கக் குணமாக வேண்டாம், படி இறங்கும்போது என்னை ஒரு தடவை நினைத்துக்கொள்ளும் அளவுக்கு மிச்சம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபத்தோடும் மரியாதையோடும்,
பிச்சை

பி.கு.: வெள்ளிக்கிழமை. கவர் வாங்கிவிட்டேன், ஸ்டாம்பு ஒட்ட மறந்து இரண்டு நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. நல்லதாயிற்று. மேலே உள்ள எல்லாவற்றையும் படித்திருந்தால் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். பணகுடிக்கு இன்னும் போகவில்லையே? போயிருந்தால் திரும்பிப் போய், நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லவும். நேற்று சாயங்காலம் அந்தப் பையன் கூப்பிட்டான். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கவில்லையாம், மூன்று நாளாக வண்டி இரவல் தேடி அலைந்திருக்கிறான். கூட வேலை செய்கிறவனுடைய பெரிய வண்டியை வாங்கி, எடை மேடைக்கு ஓட்டிப்போய், வண்டியைத் தனியாக ஒரு தடவை, வீட்டைப் பூட்டிக்கொண்டு, வண்டிச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு தடவை நிறுத்தி, இரண்டு சீட்டையும் படம் எடுத்து மகாவுக்கு அனுப்பியிருக்கிறான். முதுகில் உட்காருகிற பாரம் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து. "நீங்க சொன்னதுக்கு நூத்திப் பத்து கூட இருக்கு. கறுப்பு வண்டி வேண்டாம்னு சொல்லிட்டேன். பின்னால நாலு டயர் உள்ள வண்டிதான். கூரை இரும்புக் கூரை" என்றானாம். அவன் அப்பாவிடமும் அவனே பேசிவிட்டான். ஆக, நாள் பார்க்கச் சொல்லுங்கள் மச்சான். உங்களைச் சொன்னதெல்லாம் நான் கோபத்தில் சொன்னது.

மகாவிடம், சம்மதந்தானா என்று கேட்டேன். "ம்" என்றாள். கற்பகம் அழுதாள், பிறகு கிரைண்டரைத் துடைத்து வைத்தாள். நான் நல்லது என்று சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கேயாவது ஒரு பத்துக் கிலோ தப்பியிருக்கக் கூடாதா, டெக்சாஸுக்கு வைட்டிலாவில் பஸ் இல்லையே என்று மூன்று தடவை கழித்துப் பார்த்தேன். அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.