ஓரெஸ்ட் கோவலுக்குக் கிடைத்த புகைபோக்கி

நீலமூஸ் எரிசக்தி நிறுவனம் இந்த டிசம்பர் முடிவதற்குள் தன் கரிப்புகையைப் பூஜ்ஜியமாக்கிவிடுவதாகப் பத்து வருஷத்துக்கு முன்பே உறுதிமொழி எடுத்திருந்தது. எடுத்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். உறுதிமொழிக்கு ஓய்வு வயது கிடையாதாம். நவம்பரில் வந்து என் மேஜைமேல் உட்கார்ந்துகொண்டது.

நான் அங்கே பருவநிலைக் கடப்பாட்டுப் பிரிவின் துணை மேலாளர். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருபது குளிர்காலம் பார்த்தவன். என் மேலதிகாரி மெரெடித் ஸ்ட்ராகனைப் பச்சைச் சட்டை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை.

"புகை எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்றார்.

"கூடியிருக்கு மேடம்."

"கூடியிருக்குன்னு எழுதாதீங்க. குறையுற வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு எழுதுங்க. அது சரி, எது வழியா வெளியே போகுது?"

"வில்லோ ஃபிளாட் மின்நிலையத்துப் புகைபோக்கி வழியா."

"அந்தப் புகைபோக்கி நம்மளோடதா இல்லாம போயிட்டா?"

சட்டப் பிரிவு இரண்டே நாளில் ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னது. புகையானது அது வெளியேறும் வாயின் சொந்தக்காரரைச் சேரும். எரிவாயு நம்முடையது, கொதிகலன் நம்முடையது, மின்சாரம் நம்முடையது. வாய் மட்டும் இன்னொருவருடையது. இதில் எந்தக் குற்றமும் காண இயலாது.

அந்த இன்னொருவரும் கைவசம் இருந்தார். ஓரெஸ்ட் கோவல் இருபத்தாறு வருஷமாக அந்தப் புகைபோக்கியில் ஏறி, விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கு மாற்றிவருபவர். நீண்ட சேவைக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது சுவர்க்கடிகாரம்.

"கடிகாரம் எங்க தம்பி?" என்றார் பாராட்டுவிழா மேடையில்.

"அதைவிடப் பெருசு அண்ணே. நூத்தி முப்பது மீட்டர்."

வெள்ளந்தி மனிதர், உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கள் அலுவலகத்தில் பச்சைக் கேக் வெட்டினோம். மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் நீலமூஸ் பூஜ்ஜியம் அடைந்த செய்தி. ஐந்தாம் பக்கத்தில் மாகாணத்தின் பெரும் மாசுபடுத்துவோர் பட்டியல். முதலிடத்தில், தனிநபர் பிரிவில், ஓரெஸ்ட் கோவல்.

வில்லோ ஃபிளாட் தேவாலயக் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஊரே கூடிப் பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடிக்கும். ஓரெஸ்ட் விளிம்பு கிள்ளினால் கொதிநீரில் ஒன்றுகூடப் பிரியாது. மனைவி போன பிறகு அந்த மேஜைதான் அவருக்குக் குடும்பம். அந்த வாரம் அவர் நாற்காலியை ஸ்டெல்லா மெல்னிக் மடக்கிச் சுவரில் சாத்தியிருந்தாள்.

"ஊரு மூஞ்சில கரியைப் பூசிட்டியே ஓரெஸ்ட்!"

"நான் கிள்ளத்தானே வந்தேன்?"

"வருஷத்துக்கு இருபது லட்சம் டன் விடுற கை. அதால கிள்ளினதை எவன் தின்பான்?"

அவர் வீட்டு வாசலிலும் கூட்டம் கூடிக் கோஷம் போட்டது. குளிருக்கு இதமாக வண்டிகளின் இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே போட்டார்கள்.

ஓரெஸ்ட் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, என் பேரை எடுத்துடு."

"எடுத்தா எங்க பூஜ்ஜியம் போயிடும் அண்ணே. வேணும்னா நீங்களும் ஒரு உறுதிமொழி எடுங்க. 2070-க்குள்ளன்னு."

"எனக்கு இப்பவே அறுபத்தினாலு. அடுத்த வெள்ளிக்கிழமை பெரோகி இருக்கு. அதுக்குள்ள பூஜ்ஜியம் ஆயிடறேன்."

நானும் சிரித்தேன். எனக்கு வெட்கமே இல்லை.

புகைபோக்கியின் அடியில் ஓர் அடைப்புக் கதவு உண்டு. அதன் சாவி உரிமையாளரிடமே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியவர்கள் நாங்கள்தான். வியாழக்கிழமை காலை, மைனஸ் முப்பத்தேழு டிகிரியில், மின்நிலைய ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர் கதவை மூடினார். மூச்சுமுட்டிய கொதிகலன் தானே நின்றது. ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று.

"என்ன ஆச்சு?" என்று கத்தினார் மெரெடித்.

"அவர் கடப்பாட்டை நிறைவேத்திட்டார் மேடம்."

"நிறைவேத்திட்டாரா? அதை யாருய்யா நிறைவேத்தச் சொன்னது?"

சமரசம் பேச என்னை அனுப்பினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே உலை வாய் மூடியதும் ஊர் வாயிலிருந்து பல் தந்தியடிக்கும் சத்தம் மட்டுமே வந்தது. கோஷம் போட்ட அதே கூட்டம் அதே வாசலில் கம்பளிப் போர்வையோடு நின்றது. முன்னால் ஸ்டெல்லா.

"தங்கமே, தொறந்துவிடப்பா!"

"எதை? அந்தப் பாவத்தையா?"

"அந்தப் பாவத்தைத்தான்! பிசைஞ்ச மாவு கல்லாப் போச்சு!"

ஓரெஸ்ட் யோசித்தார். "தொறக்கறேன். ஆனா தனியா சுமக்க மாட்டேன். ஆளுக்கொரு பங்கு."

மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று கூட்டு உரிமையாளர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். பேனா மை உறைந்துபோனதால் பென்சில். என் கால்விரல்களும் மரத்திருந்தன, நானும் போட்டேன். கதவு திறந்தது. புகை வந்ததும் ஊரே கைதட்டிற்று.

மெரெடித்துக்குத் தலைகால் புரியவில்லை. "மூவாயிரமாப் பிரிச்சா யார் பேரும் பட்டியலுக்கு வராதே! அப்போ மொத்தப் புகையும் ஒழிஞ்சுதுன்னுதானே அர்த்தம்!"

அடுத்த வெள்ளிக்கிழமை கூடத்தில் வெற்றிவிழா நடந்தது. ஓரெஸ்ட்டின் நாற்காலி திரும்பவும் மேஜைக்கு வந்தது. பூஜ்ஜியம் அடைந்த முதல் ஊர் என்று மெரெடித் பலகை திறந்தார். எல்லாரும் வெண்ணெய் சொட்டச் சொட்டப் பெரோகி தின்றோம்.

ஓரெஸ்ட் விளிம்பு கிள்ளிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். "வெளியே இருநூறு வண்டி ஆளில்லாம இன்ஜின் ஓடிக்கிட்டு நிக்குதே. எல்லாம் யாரோடது?"

ஒரு கைகூட உயரவில்லை. மூன்றாவது வரிசையில் நின்ற வண்டி என்னுடையது. வீட்டுக்குப் போகும்போது இருக்கை சூடாக இருக்க வேண்டுமே! நான் இன்னொரு பெரோகியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.