ஆறு கட்டச் சுவர்

சபையின் ஞாயிறு பள்ளிக்குப் புதிதாக ஓர் அறை கட்டி முடித்தார்கள். அதன் முப்பத்தாறு அடிச் சுவரில், கடவுள் உலகைப் படைத்த ஆறு நாட்களையும் ஓவியமாகத் தீட்டுவது என்றும், ஓவியம் நிறைவுறும் வரை அறையைத் திறப்பதில்லை என்றும் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. டீச்சர் சந்தோஷப்பட்டுவிட்டாள், பாவம்.

நாற்பது பிள்ளைகளை சைக்கிள் ஷெட்டில் வைத்துப் பாடம் நடத்துகிறவள் அவள். மழைக்கு இன்னும் மூன்றே வாரம். ஷெட்டின் கூரையோ சல்லடை.

பெயின்டர் நூல் பிடித்துச் சுவரை ஆறு கட்டமாகப் பிரித்தார். கமிட்டியிலிருந்த ரிட்டயர்டு இன்ஜினீயர் டேப்போடு வந்து அளந்தார்.

"அஞ்சாவது கட்டம் அரை இஞ்ச் அதிகம்! ஒவ்வொரு நாளும் சரியா இருபத்துநாலு மணி நேரம். அரை இஞ்ச்னா பத்து நிமிஷம். வேதத்துலயே கை வைக்கிறீங்களா?"

பெயின்டர் அழித்து மறுபடி கோடு போட்டார். மறுநாள் புரொபசர் வந்தார்.

"நாள்னா வெறும் நாளா? ஒவ்வொண்ணும் கோடிக்கணக்கான வருஷம்! முதல் கட்டத்தை முப்பது அடிக்கு இழுங்க. மனுஷனுக்குக் கடைசி மூலையில ரெண்டு விரல் அகலம் போதும்."

"ஆதாமும் ஏவாளும் அதுக்குள்ள நிக்கணுமே, ஐயா?"

"நெருக்கி நிக்கட்டும். புருஷன் பெண்டாட்டிதானே."

அதற்கும் கோடு போட்டாயிற்று. மூன்றாம் நாள் வக்கீல் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"இது கால அட்டவணை இல்லய்யா, கவிதை! மேல மூணு, கீழ மூணுன்னு ஜோடி போடுங்க. வெளிச்சத்துக்குக் கீழ சூரியன், கடலுக்குக் கீழ மீன், நிலத்துக்குக் கீழ மிருகம், மனுஷன்."

பெயின்டர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். டீச்சர் கமிட்டிச் செயலாளரிடம் ஓடினாள்.

"ஐயா, படமே வேண்டாம். கதவைத் திறந்து விடுங்க."

"அவசரப்படாதீங்கம்மா. அந்த மூணு பேரையுமே குழுவாப் போட்டாச்சு. ஆறு நாள்ல அறிக்கை வந்துடும்."

"எந்தக் கணக்குல ஆறு நாள்?"

"அதையும் குழுதான் முடிவு பண்ணணும்."

மழை வந்தது. அறிக்கை வரவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் தும்மினார்கள். தன் குடையைச் சின்னதுகள் நாலு பேரின் தலைக்கு மேல் பிடித்தபடி டீச்சர் பாடம் எடுத்தாள். அந்த மூன்று பெரிய மனிதர்களையும் இதே ஷெட்டில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருவழியாகத் தீர்மானம் வெளியாயிற்று: 'ஆதியில் எங்கும் இருள் சூழ்ந்திருந்தது என்பது ஒன்றே மூன்று தரப்பினரும் மறுக்காத செய்தியாக இருப்பதால், சுவர் முழுவதும் கறுப்பு வண்ணம் பூசுவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.'

அரை நாளில் வேலை முடிந்தது. மூவரும் கறுப்புச் சுவருக்கு முன்னால் தோளோடு தோள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அறை திறந்தது.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்து, "சாமி என்னென்ன படைச்சார்னு இஷ்டத்துக்கு வரைங்க, கண்ணுங்களா!" என்றாள். சுவரெல்லாம் மீனும் மாடும் மனிதருமாக நிறைந்தது. கூட்டத்திலேயே சின்னவள், மற்றவர்கள் தொடங்கும் முன்பே, இத்தனை பெரிய சூரியனை வரைந்து வைத்திருந்தாள்.

டீச்சரின் முகம் மாறியது.

"சூரியனை யாருடி முதல்ல வரைஞ்சது? அது நாலாம் நாள்லதானே வரணும்?"

"இருட்டா இருந்துச்சு டீச்சர். மாடு வரையணும்ல."

"வேதத்துல விளையாட்டா? மொத்தத்தையும் அழிச்சு, முறைப்படி கோடு போடணும். அதுவரைக்கும் எல்லாரும் ஷெட்டுக்கு நடங்க!"

நாற்பது பிள்ளைகளும் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக மழையில் இறங்கினார்கள்.