எங்கள் பள்ளிக்கு வந்த ஆண் ஆசிரியர் குறித்து

அன்புத் தம்பி காசிநாதனுக்கு,

அக்கா லோகநாயகி ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் மாமாவும் அவருடைய முழங்கால் வலியும் சுகம். அங்கு நீயும் துர்காதேவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேதகிரீஸ்வரரை வேண்டுகிறேன், மலை ஏறாமல், திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் நின்றபடியே. போனில் சொன்னால் உன் பக்கத்து மேசைக்குக் கேட்கும் என்பதால் கடிதம்.

நீ கல்வி அலுவலகத்தில் மாறுதல் பிரிவில் இருப்பதை இதுவரை நான் ஒரு காரியத்துக்கும் பயன்படுத்தியதில்லை. இப்போது கேட்கிறேன். போன ஜூலையில் எங்கள் பள்ளிக்கு வந்த பரணிதரன் என்ற ஆசிரியரை வேறு எங்காவது மாற்றிவிட்டு, திடமான ஆண் ஆசிரியர் ஒருவரை அனுப்ப வழி செய்.

1990இல் நான் இங்கே சேர்ந்தபோது ஏழு ஆசிரியர்களில் நான் ஒருத்திதான் பெண் என்பது உனக்குத் தெரியும். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாமல் எதிர்வீட்டுக்குப் போய்வந்தேன். அப்புறம் ஒவ்வொரு சாராக ஓய்வு பெறப் பெற அந்த இடத்துக்கு ஒரு டீச்சர் வந்தார், 2014இல் கடைசி ஆளான வாசுதேவன் சாரும் மாலையோடு வீட்டுக்குப் போனார். தலைமையாசிரியையாக அந்த ஆண்டு ஆசிரியர் எண்ணிக்கைப் படிவத்தில் 'ஆண்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். கோடு என்பது எண் அல்ல என்று படிவம் திரும்பி வந்தது. அதிலிருந்து பூஜ்யம். ஆண்கள் கழிப்பறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டினோம், சாவியும் தொலைந்தது. ஏன்தான் ஆண்கள் வருவதில்லை என்று ஒருநாள் ஜாக்குலின் டீச்சரிடம் கேட்டேன். "ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாருன்னா எவன் மேடம் பொண்ணு குடுக்குறான்? சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஏதோ கம்பெனிக்குப் போறேன்னு சொன்னாக்கூட குடுக்குறான்" என்றார்.

ஆகவே பதினோரு வருடத்துக்குப் பிறகு ஓர் ஆண் வருகிறார் என்று உத்தரவு வந்ததும், நாங்கள் ஐந்து டீச்சர்களும் செய்யாமல் விட்டிருந்த வேலைகளையெல்லாம் அவருக்காக ஒதுக்கிவைத்தோம். கொடிக்கம்பத்து உச்சியில் கயிறு சிக்கியிருந்தது, மேல்தொட்டி வழிந்தது, குரங்குகள் இருந்தன. சத்துணவு சமைக்கும் செங்கம்மாள், "இனிமே மூட்டை எறக்க ஆள் தேட வாணாம் டீச்சரம்மா, அதான் வாத்தியாரு வந்துகினு கீறாரே" என்று அரிசி மூட்டைகளை வாசலிலேயே போட்டு வைத்திருந்தாள்.

வந்தவரைப் பார்த்ததும் செங்கம்மாள் மூட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, மூட்டையே கனமா கீது" என்றாள். இருந்தாலும் ஏணி வைத்தோம். நான்காவது படியில் நின்றுவிட்டார். "மேடம், எனக்கு உயரம்னா தலை சுத்தும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஜாக்குலின் டீச்சர் ஏறி அவர் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினார், பிறகு செங்கம்மாள் புடவையைச் சொருகிக்கொண்டு ஏறிக் கயிற்றைச் சரிசெய்தாள், அவளால் அது முடியும் என்பது பதினோரு வருடமாக எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் குரங்கு வந்தது. இவர் பிள்ளைகளோடு மேசைமேல் ஏறிக்கொள்ள, மூன்றாம் வகுப்புக் கவியா துடைப்பத்தோடு வந்து விரட்டினாள். அதற்கு இவர் காகிதத்தில் பதக்கம் செய்து அவள் கழுத்தில் போட்டார். இப்போது பள்ளிக்கூடமே குரங்குக்காகக் காத்திருக்கிறது.

ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகள் ஆண் ஆசிரியரையே பார்த்ததில்லை, அதனால் 'பரணி மிஸ்' என்று கூப்பிடுகிறார்கள். அவரும் "இன்னாடா கண்ணு" என்று திரும்புகிறார். ஒருநாள்கூட யாரும் லீவு போடுவதில்லை. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து வகுப்பு முழுக்கப் பரப்புகிறார்கள்.

போன வாரம் ஆய்வுக்கு ஒருவர் வந்தார். கழிப்பறைச் சாவி இன்னும் கிடைக்காததால் பரணிதரன் அப்போது மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்க்குக்குப் போயிருந்தார். வந்தவர், "உங்களுக்கு யாரு பாடம் எடுக்கிறாங்க?" என்று கேட்க, இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் "பரணி மிஸ்!" என்றார்கள். அவர் பெண் ஆறு, ஆண் பூஜ்யம் என்று எழுதி, டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார். நான் அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, ஐயா அது ஆண் என்றேன். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, ஏப்ரல் வரை மாற்ற முடியாது என்றார்கள். தம்பி, பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த ஒன்றும் இப்படிக் கணக்கில் நிற்காமல் போனால் நான் என்ன செய்ய? 2027இல் எனக்கு ஓய்வு. அதற்குள் அந்தக் கட்டத்தில் யார் பார்த்தாலும் ஆண் என்று தெரிகிற மாதிரி ஒருவரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

துர்காதேவியை இடுப்பு வலிக்கு எண்ணெய் தடவச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ நீண்ட ஆயுளோடு அந்த மேசையிலேயே இருப்பாயாக.

இப்படிக்கு,
உன் அக்கா லோகநாயகி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. ஆண் ஆசிரியரே இல்லாத பள்ளி என்று கம்ப்யூட்டர் சொன்னதால் இன்று காலை ஜான்சன் என்று ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். ஆறடி. கபடி ஆடுபவர். மூட்டைகளை இறக்கி, தொட்டியைச் சரிசெய்து, கழிப்பறைப் பூட்டை உடைத்து முடித்தபோது மணி பத்தரைதான். செய்ய ஒன்றும் மிச்சமில்லாததால் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பி, பரணிதரனை என் அறையில் உட்காரவைத்தேன். பத்தாவது நிமிடம் ஜான்சன் வெளியே வந்தார். "மேடம், வேற மூட்டை எதுனா கீதா? அதுங்க மொத்தமா அழுவுது. எனக்கே அழுகையா வருது" என்றார். பரணிதரன் எழுந்து அவர் தோளைத் தட்டி உள்ளே அழைத்துப்போய்ப் பாட்டை ஆரம்பித்தார். ஜான்சன் இப்போது குட்டி பெஞ்சில், முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, காக்கா பாட்டுக்குக் கை ஆட்டுகிறார். தப்பாக ஆட்டினால் பக்கத்திலிருக்கும் பெண் திருத்துகிறாள். நான் ஜன்னலோரம் கால் மணி நேரம் நின்றுவிட்டேன். ஆகையால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. இந்த இருவர் பெயரில் எது உன் மேசைக்கு வந்தாலும் கோப்புக்கு அடியில் வை. இதை எழுதும்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு ஆண் குரல்கள் கேட்கின்றன. ஒன்றுக்குச் சுருதி சேரவில்லை.